முஷ்டி, விளிம்பு, உள்ளங்கை

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணா நகருக்கு இத்தனை பேர் வந்ததற்கு நன்றி. நேராக விஷயத்துக்கு வருகிறேன். வலது கையால் மடியில் முதலில் முஷ்டியாகத் தட்டுங்கள், அப்புறம் சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்கும்படி விளிம்பால், அப்புறம் உள்ளங்கையால். இதே வரிசையில், வேகமாக, விடாமல். சிரிக்கிறவர்களுக்கு வரிசை மாறிவிட்டது என்று தெரிகிறது. பரவாயில்லை, பயப்பட ஒன்றுமில்லை. மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, உள்ளவர்களிடம் டாக்டர்கள் செய்து பார்க்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று, இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மனச்சிதைவு என்றால் காதில் குரல் கேட்பதும் சந்தேகமும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் இந்த நோய் உள்ள பலருக்கு அசைவிலும் தொடு உணர்விலும் சின்னச் சின்னத் தடுமாற்றம் இருக்கும், மூளையில் இந்த இடம்தான் பழுது என்று சுட்டிக் காட்ட முடியாதபடி. இதைத்தான் டாக்டர்கள் சாஃப்ட் சைன் என்கிறோம். மருந்தே சாப்பிடாதவர்களிடமும் இது உண்டு. கூடப்பிறந்தவர்களிடம்கூட, நோயாளியைவிடக் குறைவாக, மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது.

இதை அளப்பதற்கு புக்கானன், ஹைன்ரிக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்ட 26 சோதனைகள் கொண்ட அளவுகோலைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். கண்ணை மூடி நிற்பது, குதிகாலும் விரலும் ஒட்ட ஒரே கோட்டில் நடப்பது, கண்ணை மூடிக்கொண்டு, கையில் எழுதும் எண்ணைச் சொல்வது, தாளம் தட்டுவது எல்லாம் உண்டு. சரியாக இருந்தால் 0, லேசான தடுமாற்றம் 1, தெளிவாகத் தெரிந்தால் 2. கேட்க சுலபம்தான்.

சிக்கல் கையில் எடுக்கும்போதுதான் வரும். கண்ணை மூடி நாணயத்தைத் தடவிச் சொல்லச் சொல்கிறோம். நம்ம ஊர் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயைக் கண் திறந்திருக்கும்போதே பஸ் கண்டக்டரிடம் மாற்றிக் கொடுக்கிறோம், அதை வைத்து ஒருவரின் மூளையை எடைபோடலாமா? சாவி வைத்துக் கேளுங்கள். இடது கையால் வலது காதைத் தொடு என்பதும் ஒரு சோதனை. பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போட்டு வளர்ந்தவருக்குக் கை தானாகவே குறுக்கே போய்விடும், இடது வலது யோசித்துத்தான் செய்தாரா என்று எப்படித் தெரியும்? பள்ளிக்கூடம் போகாதவரின் கையில் எண்ணை எழுதிவிட்டு, தெரியவில்லை என்றதும் 2 போடுவது அநியாயம். அதனால்தான் அதே ஊர், அதே படிப்பு, அதே வயதில் நோய் இல்லாதவர்களையும் அளந்து பக்கத்தில் வைக்க வேண்டும் என்கிறேன்.

அப்புறம் மாத்திரை. நடுக்கமும் விறைப்பும் மருந்தாலும் வரும், அதனால் அதற்கென்று இருக்கும் தனி அளவுகோலையும் சேர்த்துப் போட வேண்டும். ஆனால் எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போடவும் முடியாது. நம் மெட்ராஸிலேயே நடந்து 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வு: வயதானவர்களிடம், அவர்கள் நினைக்காமலேயே தானாக வரும் அசைவுகள் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று பார்த்தார்கள். மருந்து சாப்பிடும் நோயாளிகளில் 41 சதவீதம், மருந்தே சாப்பிடாத நோயாளிகளில் 38 சதவீதம், நோய் இல்லாதவர்களில் 15 சதவீதம். மருந்தே சாப்பிடாதவர்கள் 21 பேர்தான், சின்ன எண்ணிக்கை. இருந்தாலும் வாயும் நாக்கும் அசைந்தாலே மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், கேட்க வேண்டியது உங்கள் டாக்டரிடம்.

மாணவர்களுக்கு ஒன்று. இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள், மற்றவர் தாளை எட்டிப் பார்க்காமல். செய்துகாட்டும் வேகமும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். காலையில் பொறுமையாகக் காட்டிவிட்டு மதியம் பசியில் அவசரமாகக் காட்டினால், நீங்கள் அளப்பது உங்களையே.

குடும்பத்தினர் வீட்டில் போய்ப் பிள்ளையைக் கோட்டில் நடக்கவைத்துப் பார்க்க வேண்டாம். இதில் ஒன்றிரண்டு நோயே இல்லாதவரிடமும் இருக்கும், இதை வைத்து யாரும் மனச்சிதைவு என்று சொல்வதில்லை. நோயைக் கண்டறிவது வேறு, பேசிப் பழகி, நாளாகப் பார்த்துத்தான். சரி, கேள்விகளுக்குப் போகலாம், பின் வரிசையில் அம்மா ஒருவர் ரொம்ப நேரமாகக் கை தூக்கியிருக்கிறார்.