மூன்று வருஷமாகியும் பாசிட்டிவ்

கூட்டம் தொடங்கும் முன் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த லேப் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். டெங்கு வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். "இன்னும் பாசிட்டிவ்னே வருது சார். உள்ளேயே தங்கிடுச்சா?" என்றார். எழுதி வந்த உரையை ஓரமாக வைத்துவிட்டேன். இன்று அவருக்குத்தான் பதில்.

ஐயா, உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு வரி இருந்தது. ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ். இரண்டுமே ஆன்டிபாடிதான், வைரஸுக்கு எதிராக உடம்பு செய்துகொள்ளும் புரதம். காய்ச்சல் கண்டு நாலைந்து நாளில் ஐஜிஎம் தலைகாட்டும், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் போய்விடும். ஐஜிஜி தாமதமாக வரும், லேசில் போகாது. வைரஸ் எப்போதோ கிளம்பிவிட்டது. மிச்சம் இருப்பது தடயம்.

எவ்வளவு காலம் இருக்கும்? 1855இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், நார்ஃபோக் துறைமுகத்தில் ஒரு கப்பலோடு மஞ்சள் காய்ச்சல் வந்து இறங்கியது. மஞ்சள் காமாலை அல்ல. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசு பரப்பும் வைரஸ். அப்போது பிழைத்துக்கொண்ட சிலர் 75 ஆண்டு கழித்தும், தள்ளாத வயதில், உயிரோடு இருந்தார்கள். வில்பர் சாயர் என்ற ஆய்வாளர் அவர்களின் ரத்தத்தைச் சோதித்தார். அவர்களுடைய சீரத்தோடு (ரத்தத்தில் அணுக்களை நீக்கினால் மிஞ்சும் தெளிந்த நீர்) வைரஸையும் எலிகளுக்குச் செலுத்திப் பார்ப்பது அன்றைய முறை. எலி பிழைத்தால் ஆன்டிபாடி இருக்கிறது என்று அர்த்தம். இருந்தது, 75 ஆண்டுக்குப் பிறகும்!

ஊறுகாய் மாதிரி அன்று போட்டது இன்றுவரை கெடாமல் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ரத்தத்தில் உள்ள ஐஜிஜி ஏறக்குறைய மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். எலும்பு மஜ்ஜையில் குடியேறிய பிளாஸ்மா செல்கள் அதை ஓயாமல் செய்துகொண்டே இருக்கின்றன. ஊறுகாய் அல்ல, தினமும் ஆட்டுகிற மாவு.

ஆப்பிரிக்கா போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுச் சான்றிதழ் வாங்குவார்கள் இல்லையா, முன்பு அது பத்து வருஷம்தான் செல்லும். 2016 ஜூலையிலிருந்து ஆயுளுக்கும் செல்லும்.

சரி, அப்படியானால் டெங்கு வந்தவருக்கும் இனிப் பயமில்லையா? அங்கேதான் சிக்கல். டெங்கு வைரஸில் நாலு வகை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆல்பர்ட் சாபின் என்ற அமெரிக்க ஆய்வாளர், தாமாக முன்வந்தவர்களுக்கு வைரஸைச் செலுத்திப் பார்த்தார். வந்த வகை திரும்ப வரவில்லை. வேறு வகையிலிருந்து கிடைத்த பாதுகாப்போ சில மாதங்களுக்குமேல் நிற்கவில்லை.

அதன் பிறகு என்ன ஆகும் என்பதை கியூபா காட்டியது. 1977இல் அந்தத் தீவு முழுக்க முதல் வகை பரவியது, பெரிய சேதமில்லை. 1981இல் இரண்டாம் வகை வந்தது, 158 பேர் இறந்தார்கள். அப்புறம் கொசுவை ஒழித்துக் கட்டி டெங்குவையே விரட்டினார்கள். 1997இல் சாந்தியாகோ நகரில் மறுபடியும் இரண்டாம் வகை. இறந்தவர்கள் 12 பேர். அத்தனை பேரும் பெரியவர்கள்! குழந்தைகள் தப்பித்தார்கள், ஏனென்றால் அவர்களிடம் பழைய ஆன்டிபாடியே கிடையாது. கியூபாவின் தலைநகர் ஹவானாவைச் சேர்ந்த ஆய்வாளர் மரியா குவாதலூப்பே குஸ்மான் குழுவினர் இதை ஆராய்ந்து எழுதினார்கள். எழுபதுகளின் கடைசியில் தொற்றிய முதல் வகையின் நினைவு ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து ஆளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

பழைய ஆன்டிபாடி புது வகை வைரஸைப் பிடிக்கும், ஆனால் அமுக்காது. ஆன்டிபாடி ஒட்டியிருப்பதைப் பார்த்து வெள்ளை அணு அதை விழுங்கும். வைரஸ் உள்ளே போய்ப் பெருகும். திருடனைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டி வரும் காவல்காரன் மாதிரி. இரண்டாவது முறை வருகிற எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள்.

ஆக ஐயா, உங்கள் பாசிட்டிவுக்கு மருந்து வேண்டாம். இன்னொரு முறை காய்ச்சல் வந்தால் மட்டும், ஏற்கெனவே டெங்கு வந்தது என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கிய அன்று வயிற்று வலியோ விடாத வாந்தியோ இருந்தால் வீட்டில் படுத்திருக்காதீர்கள்.

"எனக்கு வந்தது நாலுல எது சார்?" என்று அவர் அங்கிருந்தே கேட்கிறார். அது அந்தக் காகிதத்தில் இல்லை ஐயா.