காப்பர் போட்ட கடல்நீர்த் தொட்டியை மறுபடி பயன்படுத்த

[காட்சி: காலித் தொட்டி. தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளைக் கோடு.]

இந்த வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காப்பர் மருந்து போட்ட தொட்டி இது. இனி இதில் பவளமும் இறாலும் வைக்கலாமா? வைக்கலாம், முதலில் இந்தக் கோடு போகட்டும்.

காப்பரைப் பிடித்து வைப்பது தொட்டியின் கண்ணாடி இல்லை, இந்தக் கோடாகப் படிந்திருக்கும் சுண்ணாம்பு. இந்தக் கார்பனேட் படிவில் ஒட்டிக்கொள்ளும் காப்பர், தண்ணீரில் அளவு குறைந்தாலோ பிஎச் இறங்கினாலோ மெல்ல வெளியே வரும். கீலேட்டட் மருந்து (காப்பரை வேறொரு பொருளோடு பிணைத்துத் தண்ணீரில் கரைந்தே இருக்கச் செய்த வகை) 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம், இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பாதியாக ஆறு முறை தண்ணீர் மாற்றினால் கணக்குப்படி 0.03 பிபிஎம்தான் மிஞ்ச வேண்டும். படிவுள்ள தொட்டியில் அந்தக் கணக்கு எடுபடாது. மீன் அசராமல் தாங்கும் சொற்ப அளவுகூட நத்தையைக் கொன்றுவிடும்.

ராக் (தொட்டியில் அடுக்கும் பாறைக்கல்), பவள மணல் இரண்டும் முழுக்கச் சுண்ணாம்பு. ஆசிட்டில் போட்டால் மேல்தோல்தான் கரையும், உள்ளே ஊறியது அப்படியே இருக்கும். மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கு அவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஸ்பாஞ்ச், செராமிக் ரிங், ஏர் ஸ்டோன், பழைய கார்பன் எல்லாம் குப்பைக்கு.

சிலிகான் காப்பரைக் குடித்துவிடும், தொட்டியே வீண் என்பார்கள். அவ்வளவு பயம் வேண்டாம். அதன் ஓரத்தில் ஒட்டிய படிவையும் பாசியையும் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுங்கள். பிளேடு வேண்டாம், சிலிகான் அறுந்தால் தொட்டி ஒழுகும்.

[காட்சி: கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தவர் சிட்ரிக் ஆசிட் கரைக்கிறார்.]

லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் ஆசிட். வெள்ளைக் கோடு மூழ்கும்வரை நிரப்பி, பம்பையும் உள்ளே ஓட விடுங்கள். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில்தான் படிவு அதிகம் ஒளிந்திருக்கும். ஹீட்டரை இணைப்பு கழற்றி, தனி வாளியில் ஊற வையுங்கள், வயரும் பிளக்கும் வெளியே இருக்கட்டும். 24 மணி நேரம். நுரை அடங்கியும் படிவு மிச்சமிருந்தால் ஆசிட் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கலக்க வேண்டும். பிளீச்சை இதோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். வடித்த தண்ணீரைச் செடிக்கோ குளத்துக்கோ ஊற்றாதீர்கள். பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள்.

அடுத்து புது உப்புநீர். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பனும் காப்பர் உறிஞ்சும் ரெசினும் ஒரு வாரம். கீலேட்டட் மருந்தை எடுக்கக் கார்பன் கட்டாயம். ரெசின் மட்டும் போட்டால் அது லேசில் வராது.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ரெசின் உள்ளே இருக்கும்போதே சோதித்துப் பூஜ்யம் வந்தது என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். கசிகிற காப்பரை அது அவ்வப்போது விழுங்கிக்கொண்டே இருக்கும், பூஜ்யம் வராமல் என்ன செய்யும்? ரெசின், கார்பன் இரண்டையும் எடுத்துவிட்டு, மூன்று நாள் பம்பை மட்டும் ஓட்டிப் பிறகு சோதியுங்கள். கீலேட்டட் காப்பரையும் சேர்த்து மொத்தக் காப்பரைக் காட்டும் டெஸ்ட் கிட்டாக இருக்கட்டும். நிறம் ஏறினால் மறுபடி ஆசிட்.

ஆர்ட்டீமியா எனும் சிறு உப்புநீர் இறாலின் குஞ்சுகளை விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அது காப்பரை ஓரளவு தாங்கும் பிராணி, அது உயிரோடிருப்பது அத்தாட்சியாகாது. சோதனை சுத்தமாக வந்தபின், பவளத்துக்கு முன்னால் ஓரிரு நத்தைகளை விடுங்கள். ஓட்டுக்குள் சுருங்கி நகராமல் கிடந்தால் உடனே எடுத்துவிட்டு, கார்பனை மறுபடி போடுங்கள்.