கல்லூரிப் பெயருக்கு மாதத் தவணை எவ்வளவு?

எல்லோருக்கும் வணக்கம். இதே பெங்களூரு அல்சூர் பக்கம் வங்கியில் கல்விக்கடன் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அதனால் கல்லூரியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டாலும் கடனைப் பற்றித்தான் பேசுவேன்.

பொறியியல் சேர்க்கைக்குக் கர்நாடகத்தில் நடக்கும் சிஇடி நுழைவுத் தேர்வின் ரேங்க் வந்ததும் வீட்டில் என்ன நடக்கிறது? 1917-இல் விஸ்வேஸ்வரய்யா தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரியான யுவிசிஇ-யில், குறைந்த கட்டணத்தில் சிவில் கிடைக்கும் என்றால் முகம் சுளிக்கிறோம். ஊரே பெயர் சொல்லும் தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கிருஷ்ணகிரி வீட்டுப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வந்துவிடுகிறது, ஏனென்றால் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும்.

சரி, கணக்கைப் பாருங்கள். 15 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, நான்கு வருடமும் சமமாக எடுக்கிறீர்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், தனிவட்டியாகப் போட்டாலே 5.25 லட்சம் ஆகிவிடும். தவணை தொடங்கும்போது கடன் 20.25 லட்சம், பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 26,760 ரூபாய். பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு வருடச் சம்பளமே மூன்றரை லட்சம் பக்கம்தான். பிறகு வாடகைக்கு, சாப்பாட்டுக்கு?

என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த ஒரு பையனை இன்னும் மறக்க முடியவில்லை. பி.இ. முடித்து வேலையில் இருந்தான். எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வில் நல்ல மதிப்பெண், ஐஐடியில் எம்.டெக் சீட், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பி.இ. கடனின் தவணையை அதுவரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டான். "நீட்டிக்கக் கேட்டுப் பார்க்கலாம் தம்பி, ஆனா வட்டி ஏறும்" என்றேன். அவன் அப்பா கடன் ஸ்டேட்மென்ட்டின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். "வேணாம் சார், வேலையிலேயே இருந்துக்கறேன்" என்று எழுந்துவிட்டான். நல்ல பெயர் வேண்டும் என்று வாங்கிய கடன்தான் அதைவிடப் பெரிய இடத்துக்குப் போகவிடாமல் செய்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை. சின்னக் கல்லூரியில் படித்துவிட்டேனே என்று என்னிடம் வருந்தியவர்களைவிட, பிடிக்காத வேலையை விடக்கூட முடியவில்லையே என்று வருந்தியவர்கள்தான் அதிகம்.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேம்பஸுக்கு எந்தக் கம்பெனி வரும் என்பதில் பெயருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பேனரில் போடும் அதிகபட்சச் சம்பளத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுத்த விவரத்தில் மீடியன் சம்பளம் இருக்கும், அதாவது வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நடுவில் நிற்பவர் வாங்குவது. அதைப் பன்னிரண்டால் வகுத்துத் தவணைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அப்புறம், 2024-இல் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின் வட்டிச் சலுகையை நம்பி மேனேஜ்மென்ட் சீட் வாங்காதீர்கள், அந்தக் கோட்டாவுக்கு அது கிடையாது.

கையெழுத்துப் போட வரும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கடன் அவர்கள் பெயரில்தான் இருக்கப்போகிறது, மாதம் எவ்வளவு என்று அவர்களே மேலாளரிடம் கேட்கட்டும்.