பூட்டைத் திறக்க ஒரு ஆள்

நேயர்களுக்கு வணக்கம்.

கிராமத்தில் நூலகம் தொடங்கலாம் என்று நாலு பேர் கூடிப் பேசினால் முதலில் புத்தகப் பேச்சு வரும், அப்புறம் கட்டடப் பேச்சு. மேற்கு ஆப்பிரிக்காவின் சிற்றூர்களில் நூலகம் நடத்திப் பார்த்தவர்களைக் கேட்டால் வேறு கணக்கு சொல்வார்கள். புத்தகம் எப்படியும் வந்துவிடும், ஓர் அறையும் கிடைத்துவிடும். தினமும் வந்து பூட்டைத் திறக்க ஒரு ஆள் வேண்டுமே, அவருக்கு மாதாமாதம் சம்பளம் யார் கொடுப்பது? பல நூலகங்கள் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான்.

கானாவை எடுத்துக்கொள்வோம். நம் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல். அதற்கு அடுத்த ஆண்டே, அப்போது கோல்டு கோஸ்ட் என்று பெயர் கொண்டிருந்த கானாவில் நூலக வாரியத்துக்குச் சட்டம் போட்டார்கள். ஈவ்லின் எவன்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்து, ஊர் ஊராகப் புத்தக வேன்களை ஓட்டினார். நல்ல தொடக்கம். ஆனால் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். நம் சட்டத்தில் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கும் ஏற்பாடு இருந்தது. கானா வாரியமோ அரசு தரும் மானியத்தை நம்பி இருந்தது. 1970-களிலும் 80-களிலும் நாட்டின் பொருளாதாரம் நொடித்தபோது வெளிநாட்டுப் புத்தகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. நூலகத்துக்கு அரசு வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; அரசை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் கானாதான் சாட்சி.

அப்புறம் தனிமனிதர்கள் வந்தார்கள். கனடாவைச் சேர்ந்த கேத்தி நோல்ஸ், கானாவின் தலைநகர் அக்ராவில் தன் வீட்டுத் தோட்டத்தில் மரத்தடியில் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்ட ஆரம்பித்தவர். கூட்டம் சேர்ந்தது. 1992-இல் ஓசு என்ற பகுதியில் ஒரு கப்பல் கண்டெய்னரையே நூலகமாக மாற்றினார். நகரத்துக்குள் நடந்த விஷயம்தான், ஆனாலும் சின்ன இடம் போதும் என்பதைக் காட்டியது. மாலியில் இன்னும் துணிச்சலான வேலை பார்த்தார்கள்: ரயில் பெட்டி ஒன்றை நூலகமாக்கி, பாதையோர ஸ்டேஷன்களுக்குப் புத்தகம் கொண்டுபோனார்கள். பின்னால் அந்த ரயில் பாதையே நலிந்துபோனது.

பிரெஞ்சு பேசும் நாடுகளின் அமைப்பு 1986 வாக்கில் பெனினில் தொடங்கிய வாசிப்பு மையங்களின் ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது. புத்தகம், விளையாட்டுச் சாமான், ஒலி ஒளிக் கருவி எல்லாம் அமைப்பு தரும். கட்டடமும் ஊழியரும் உள்ளூர்ப் பொறுப்பு. சம்பளம் யார் தலையில் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுகிறார்கள்.

சரி, இப்படி ஒரு நூலகம் உள்ளே எப்படி இருக்கும்? புர்க்கினா ஃபாசோவின் மேற்கில் பேரெபா என்று ஓர் ஊர், பருத்தி விளையும் பூமி. ஆப்பிரிக்கக் கிராம நூலகங்களுக்காக 2001-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் அமைப்பின் ஆரம்ப கால நூலகங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. பொருளாதாரப் பேராசிரியர் மைக்கேல் கெவேன் அந்த அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். இந்த வகை நூலகங்களில் பெரும்பாலும் ஓர் அறை, சில அலமாரிகள், பெஞ்சுகள், கடன் கொடுத்ததை எழுதிவைக்கும் நோட்டு, அவ்வளவுதான். அந்த நாட்டில் பள்ளிக்கு மதிய இடைவேளை நீளம். தூரத்துக் குடியிருப்புகளிலிருந்து நடந்து வரும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. அந்த நேரத்தில் நூலகம் பூட்டிக் கிடந்தால் என்ன பயன்? நூலகர் மதியத்தில் சாப்பிடப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை, வேறு நேரத்தில் போகலாம்! மாலையும் அப்படித்தான். ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். மின்சாரம் எட்டாத வீடுகளில் பாடம் படிக்கும் பிள்ளைக்கு நூலகத்துச் சூரிய விளக்கு பெரிய விஷயம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று வீசும். மாவு மாதிரிப் புழுதி சன்னல் இடுக்கு வழியாக நுழைந்து அட்டை, விளிம்பு எல்லாவற்றிலும் படியும். துணியெடுத்துத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம், எல்லாக் காலத்திலும் கரையான். இதெல்லாம் யார் பார்ப்பது? அந்தச் சம்பளக்காரர்தான்.

புத்தகம் வந்துவிடும் என்றேனே, எப்படிப்பட்ட புத்தகம் என்பது வேறு கதை. வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக நன்கொடை வரும். பிரித்தால் காலாவதியான கம்ப்யூட்டர் கையேடு, பனிமனிதன் செய்யும் குழந்தைகளின் கதை. பிரெஞ்சு பேசும் ஊருக்கு ஆங்கிலப் புத்தகமும் வரும். வேண்டாம் என்று சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று வாங்கி அடுக்கிவைப்பார்கள். அனுப்புகிறவர்கள் முதலில் பட்டியல் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பணமாக அனுப்பலாம், அந்த ஊர்ப் பதிப்பகத்தில் வாங்கிக்கொள்வார்கள்.

இதற்குப் புர்க்கினாவில் அந்தக் கிராம நூலகங்களை நடத்துகிறவர்களே ஒரு வழி கண்டார்கள். டிஜிட்டல் கேமராவோடு ஊருக்குள் போவது. சந்தை, சமையல், தண்ணீர் எடுப்பது என்று படம் பிடித்து, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி எழுதிச் சிறு புத்தகமாக்குவது. கானாவில் நோல்ஸும் இதே மாதிரி படப் புத்தகங்கள் கொண்டுவந்தார். தங்களுக்குத் தெரிந்த கடையும் தெருவும் அச்சில் இருந்தால் வாசிக்கத் தயங்கும் பிள்ளைகூட கையில் எடுக்கும்.

மொழிதான் இன்னும் தீராத சிக்கல். பேரெபாக்காரர்களின் தாய்மொழி புவாமு. பள்ளியில் பிரெஞ்சு. 2024 தொடக்கத்தில் புர்க்கினா தன் அரசியலமைப்பைத் திருத்தி, பிரெஞ்சை ஆட்சிமொழி நிலையிலிருந்து இறக்கி, அலுவல் நடத்தப் பயன்படும் வேலைமொழியாக்கியது. நாட்டு மொழிகளுக்கு ஆட்சிமொழித் தகுதி என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அதே நாட்டில் ஆயுதக் குழுக்களின் வன்முறையால் 2023-இல் 6000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடிக் கிடந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறு மொழிகளில் கதைப் புத்தகம் அச்சிடச் சொன்னால் பதிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை பிரதி வாங்குவீர்கள் என்பது. கிராம நூலகங்கள் மட்டும் வாங்கினால் அவருக்குக் கட்டாது. கல்வித் துறையும் பள்ளிகளுக்கென்று வாங்கினால்தான் புவாமு போன்ற மொழிக்கு அச்சகத்தில் இடம் கிடைக்கும்.

நன்றி, வணக்கம்.