ஜப்பான்காரன் படகிலேயே போய் ஜப்பான் கப்பலுக்கு வெடி வைத்தவர்கள்!

[திரையில்: சிட்னி, டார்லிங் ஹார்பர். கரையோரம் ஒரு மரப் படகு]

இந்த மீன்பிடிப் படகைப் பாருங்கள். நீளம் சுமார் 21 மீட்டர். கல்தூணும் இல்லை, துப்பாக்கி பிடித்த சிலையும் இல்லை. படகேதான் நினைவுச் சின்னம். பெயர் ‘கிரெய்ட்’.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அங்கே நிற்கும் கப்பல்களைத் தகர்க்க ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பியதுதான் ஆபரேஷன் ஜேவிக். தலைவர் ஐவன் லயன். சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

இந்தப் படகே ஜப்பானில் கட்டியது! பழைய பெயர் கோஃபுகு மாரு. சிங்கப்பூர் விழுந்த சமயத்தில் அகதிகளை ஏற்றித் தப்பவைத்து, இந்தியா வரை வந்து, அப்புறம் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. 1943 செப்டம்பர் 2 அன்று 14 பேரோடு எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து புறப்பட்டது. மேலே ஜப்பான் கொடி. உள்ளே இருந்த வெள்ளைக்காரர்கள் உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசி, கைலி கட்டிக்கொண்டார்கள். வேர்த்தால் சாயம் வழியும்! கிட்டத்தில் வந்து பார்த்திருந்தால் ஒரு குழந்தைகூட நம்பியிருக்காது. குப்பையைக்கூடக் கண்டபடி கடலில் வீச மாட்டார்கள். மிதக்கும் ஒரு டப்பா காட்டிக்கொடுத்துவிடலாம் இல்லையா? இவ்வளவு பெரிய துணிச்சலை இவ்வளவு மலிவான வேஷம் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

செப்டம்பர் 26 இரவு, மூன்று மடிப்புப் படகுகளில் ஆறு பேர் துடுப்புப் போட்டுத் துறைமுகத்துக்குள் நுழைந்து, கப்பல்களின் அடியில் காந்தக் கண்ணிவெடிகளை ஒட்டினார்கள். ஆறேழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன. 14 பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

போருக்குப் பிறகு இந்தப் படகு போர்னியோவில் மரம் இழுத்துக்கொண்டிருந்தது, தெரியுமா? தேடிப் பிடித்து, பணம் திரட்டி வாங்கி, 1964-ல் சிட்னிக்குக் கொண்டுவந்தார்கள்.

லைக் போடுவதற்கு முன் இதையும் கேளுங்கள். உள்ளூர்க்காரர்கள்தான் உதவினார்கள் என்று சந்தேகப்பட்ட ஜப்பானிய ராணுவப் போலீஸ், அக்டோபர் 10 அன்று சிங்கப்பூரில் கைது வேட்டையைத் தொடங்கியது. பிடிபட்டவர்கள் 57 பேர். சித்திரவதையில் இறந்தவர்கள் 15 பேர். அவர்களுக்கும் தாக்குதலுக்கும் சம்பந்தமே இல்லை. கிரெய்ட் அப்போது இன்னும் கடலில்தான் இருந்தது. 19-ஆம் தேதிதான் ஆஸ்திரேலியா சேர்ந்தது. ‘நாங்கள்தான் செய்தோம்’ என்று நேச நாடுகள் அப்போது வாயே திறக்கவில்லை. ரகசியம் முக்கியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 14 பேரின் கதையைச் சொல்லும் இடத்திலெல்லாம் அந்த 15 பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் எந்தக் கட்சி? கமெண்டில் எழுதுங்கள்.