தொட்டபெட்டாவில் எட்டு மீட்டர்தான் வித்தியாசம்!

வணக்கம், கோத்தகிரியிலிருந்து பேசுகிறேன். இன்று பீன்ஸ் பந்தல் வீடியோ வரவேண்டியது. அது அடுத்து வரும். அதற்கு முன் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இந்தப் படத்தைப் பாருங்கள். கடிகாரத்தில் எண் தெரிகிறதா? 2,629. நேற்று தொட்டபெட்டா உச்சியில் நின்று எடுத்தது. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். எட்டே எட்டு மீட்டர் வித்தியாசம்! அந்த இடத்திலேயே சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். மணிக்கட்டில் எதையும் கட்டாதவள் நான். வீட்டில் ஒரே கடிகாரம் அப்பாவின் எச்.எம்.டி.தான், சாவி கொடுத்தால் ஓடும், இன்றைக்கும் ஓடுகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் இந்த முரட்டு ஸ்மார்ட்வாட்சை அனுப்பிவைத்தபோது, “இதற்குக் கொடுத்த பணத்தில் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற ஒரு கவாத்து இயந்திரம் வாங்கியிருக்கலாமே அண்ணா” என்றுதான் கேட்டேன். பிறகு கொழுந்து பறிக்கும்போதும், கவாத்து செய்யும்போதும், மூட்டை தூக்கும்போதும் இதைக் கழற்றாமலே இருக்கிறேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். இது விளம்பரம் இல்லை, பெயரும் சொல்லப்போவதில்லை.

அந்த எட்டு மீட்டருக்கு வருகிறேன். வீட்டு வாசலின் உயரத்தை வரைபடத்தில் சமஉயரக் கோடுகளைப் பார்த்து எடுத்து, அதைக் கடிகாரத்தில் பதிந்துவிட்டுக் காலை பஸ்ஸில் கிளம்பினேன். தொட்டபெட்டா சந்திப்பில் இறங்கி, அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் ஏறினேன். இந்தக் கடிகாரம் உயரத்தைச் செயற்கைக்கோளை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. உள்ளே ஒரு காற்றழுத்தமானி இருக்கிறது. பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிகின்றன பாருங்கள், காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கோத்தகிரி வருவதற்குள் உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். அழுத்தத்தை ஹெக்டோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். கடல் மட்டத்தில் சுமார் 1,013 ஹெக்டோபாஸ்கல், எங்கள் 1,800 மீட்டரில் சுமார் 815. இந்த உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறக்குறைய பத்து மீட்டர் ஏறியிருக்கிறோம் என்று கணக்கு. அப்படிப் பார்த்தால் எட்டு மீட்டர் என்பது ஒரு ஹெக்டோபாஸ்கல்கூட இல்லை. இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு நுணுக்கமாக அளக்கிறதே என்று எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஜி.பி.எஸ். இதற்கு ஈடாகாது. செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. அதனால் கிழக்கு மேற்கைச் சரியாகச் சொல்கிற ஜி.பி.எஸ். உயரத்தில் கூடுதலாகத் தடுமாறும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தினமும் பிற்பகலில் என் வீடு உயர்ந்துகொண்டே போகிறது! காலையில் 1,840 என்று காட்டிய வாசல், மாலை டீ குடிக்கும்போது 1,860ஐத் தொடும். கருவி பழுது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பழுதே இல்லை. நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் தினமும் கடல் அலை மாதிரி ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு, இரவில் இன்னொரு ஏற்றம், விடியலுக்கு முன் இன்னொரு இறக்கம். வெயில் காற்று மண்டலத்தைச் சூடாக்குவதால் வருகிற அலை அது. அழுத்தம் இறங்குவதை நாம் மேலே ஏறிவிட்டோம் என்று கடிகாரம் எடுத்துக்கொள்கிறது. நேற்றுக் காலையிலேயே உச்சிக்குப் போனது நல்லதாயிற்று, அந்த நேரத்தில் அலை அவ்வளவாக அசையாது. திரையில் இந்த வரைபடத்தைப் பாருங்கள், எவ்வளவு அழகாக நெளிந்து போகிறது! பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருக்கிறேன், தலைக்கு மேலே தினமும் இப்படி ஒன்று நடப்பது எனக்குத் தெரியாது. இதற்காகவே இதை வைத்துக்கொள்வேன்.

ஆனால் புயல் எச்சரிக்கை என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அது எங்கள் மலைக்கு ஆகாது. சில மணி நேரத்துக்குள் அழுத்தம் சட்டென்று விழுந்தால் அது அலறும். எங்கள் ஏப்ரல், மே மாத இடிமழை அப்படி வருவதில்லை. மதியம் வரை வெயில், மேகம் அந்த இடத்திலேயே திரண்டு கொட்டிவிடும், அழுத்தம் பெரிதாக விழாது. ஈரக் காற்று மலையில் மோதி மேலேறிப் பெய்கிற மழைக்கும் அப்படித்தான். ஆகவே எச்சரிக்கையை அணைத்துவிட்டேன். வானத்தைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

எனக்கும் இந்தக் கடிகாரத்துக்கும் இருக்கிற ஒப்பந்தமே இதுதான். அது அளந்து சொன்னால் கேட்கிறேன். தீர்ப்புச் சொன்னால் கேட்கமாட்டேன். ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, மூட்டையை எடை போடுகிற இடம் வரை சுமந்துவிட்டு வந்து உட்கார்ந்தால், “இன்று போதிய அசைவு இல்லை, எழுந்து நடங்கள்” என்கிறது! எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. தலையில் மூட்டையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தால் கை வீசாது. கை வீசாவிட்டால் இது அடிகளைக் குறைத்துத்தான் எண்ணும். ஆனால் ஒரே செடியின் முன் நின்று பறித்தால், அந்தக் கை அசைவை நடை என்று எண்ணித் தள்ளுகிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து இதைச் செய்யவில்லை. தூக்கத்துக்கு மதிப்பெண் போடுவது அதைவிட மோசம். நன்றாகத் தூங்கி எழுந்தவளிடம் 54 மதிப்பெண் என்றால் அந்தக் காலையே கெட்டுவிடும். அதையும் அணைத்துவிட்டேன்.

இதயத் துடிப்பு பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பின்பக்கம் பச்சை விளக்கு மின்னுகிறதல்லவா, ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும், அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. உறைபனிக் காலத்தில் விடியற்காலை கை விறைத்திருந்தால் தோலுக்கு வரும் ரத்தம் குறைந்து கணக்கு தாறுமாறாகும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டி, ஸ்வெட்டர் கையை மேலே இழுத்து மூடிவிட்டால் சரியாக இருக்கிறது. வெப்பநிலை கேட்டால் அது உங்கள் உடம்புச் சூட்டையும் சேர்த்துத்தான் சொல்லும். கழற்றி அரை மணி நேரம் திண்ணையில் வைத்துவிட்டுப் பாருங்கள்.

இப்போது வயர். இதை விடமாட்டேன். சார்ஜ் செய்கிற வயரை எலி கடித்துவிட்டது. மொபைல் வயர் என்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும். இதற்கு மட்டும் நான்கு முள், பக்கத்தில் காந்தம், இந்தக் கடிகாரத்துக்கு மட்டுமே பொருந்துகிற வடிவம். கோத்தகிரியில் இல்லை, குன்னூரில் இல்லை, ஊட்டியில் ஒரு கடைக்காரர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நிறுவனத்திடம் கேட்டால் 1,790 ரூபாய். ஒரு முழம் வயருக்கு! பச்சைத் தேயிலை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும், எத்தனை கிலோ பறித்தால் இந்த வயர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மலையிலிருந்து விழுந்தாலும் உடையாத கடிகாரம் செய்யத் தெரிந்தவர்களுக்கு, ஊரில் கிடைக்கிற வயரைப் பொருத்தத் தெரியாதா? வாங்கினேன், வேறு வழியில்லை. இப்போது அதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அந்த முட்களில் வியர்வையும் மண்ணும் சேர்ந்தால் சார்ஜ் ஏறாது, அதற்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

விழுவது என்றதும் நினைவு வருகிறது, பெட்டியில் ராணுவத் தரம் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். மில்-எஸ்.டி.டி.-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தச் சோதனைகளைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கலாம், ராணுவம் வந்து முத்திரை குத்துவதில்லை. எனக்கு அந்த வார்த்தைகள் வேண்டாம். கவாத்தின்போது கல்லில் மோதியது, விளிம்பில் கீறல், கண்ணாடியில் ஒன்றுமில்லை. அது போதும். 1983ல் கேசியோ நிறுவனம் ஜி-ஷாக் கடிகாரத்தைக் கொண்டுவந்தபோது 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் ஓடவேண்டும், 10 பார் நீரழுத்தம் தாங்கவேண்டும், பேட்டரி 10 ஆண்டு வரவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். தெளிவாகச் சொன்னார்கள், அதனால் எனக்குப் பிடிக்கும். இதில் 10 ஏ.டி.எம்., அதாவது காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்கு, என்று போட்டிருப்பதைப் பார்த்து நூறு மீட்டர் ஆழம் குதிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது அசையாத நீரில் சோதிக்கிற அழுத்தம்.

பொத்தான்கள் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஐந்து பொத்தான்கள், அத்தனையும் எனக்குப் பிடிக்கும். தொடுதிரை எங்கள் மூடுபனிக்குச் சரிவராது, துளி விழுந்தால் தானாகவே பக்கம் மாறும், கம்பளிக் கையுறை போட்டால் தொட்டதே தெரியாது. இடது மேல் பொத்தானை இரண்டு முறை தட்டினால் டார்ச். எங்கள் பக்கம் கரடியும் காட்டெருமையும் தேயிலைக்குள் நிற்பது பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடியுமுன் பால் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது கையில் டார்ச் பிடிக்க இடமில்லை, மணிக்கட்டிலிருந்தே வெளிச்சம் வருவது பெரிய நிம்மதி. அப்பாவுக்கு இந்தக் கடிகாரத்தில் பிடித்தது அது ஒன்றுதான்.

லாங்வுட் சோலைக்கும் கட்டிக்கொண்டு போனேன். 2024ல் உலகின் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததே, கோத்தகிரிக்குத் தண்ணீர் தருகிற அந்தச் சோலைதான். 116 ஹெக்டேர், மேலே வானமே தெரியாத அடர்த்தி. அங்கே நடந்த பாதையைக் கடிகாரம் வரைந்தது கோணல்மாணலாக வந்தது. செயற்கைக்கோளின் சமிக்ஞை இலைகளில் வலுவிழந்து, மரங்களில் பட்டுத் திரும்பி வருவதால் அப்படி ஆகிறது. அதற்கு நான் குறை சொல்லமாட்டேன். சோலை அவ்வளவு அடர்த்தியாக இருக்கவேண்டும்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: காட்டிலும் மேட்டிலும் வேலை இருந்தால், உயரமும் அழுத்தமும் பார்க்கிற ஆசை இருந்தால் வாங்குங்கள், வயரின் விலையை முதலிலேயே கேட்டுவிட்டு. அடி எண்ணுவதற்கு மட்டும் என்றால் வேண்டாம்.

அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் இறங்குகிறேன். ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருப்பார்கள், அந்த எண்ணைக் கடிகாரத்தில் பதிந்துகொண்டு, காலை பஸ்ஸில் கோத்தகிரி வரை ஒவ்வொரு வளைவிலும் எண்ணைப் படித்துக்கொண்டே வருவேன். ஜன்னல் பக்க இருக்கை கிடைத்தால் முழுவதையும் படம்பிடித்துப் போடுகிறேன். பீன்ஸ் பந்தல் அதற்கு முன் வந்துவிடும்.