கச்சான் சுருளும் கடைசி வரியும்
(திருகோணமலையில் இளம் எழுத்தாளர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

குறுங்கதை எழுதுவது பற்றியும் அதைப் பிரசுரிப்பது பற்றியும் பேசச் சொல்லிக் கேட்டார்கள். முதலில் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

கிண்ணியாவில் பாதை ஓடிய காலம் இங்கிருக்கிற பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. என் கதை அதற்கு மறுநாள் நடக்கிறது. பாதைத் துறையில் கச்சான் (நிலக்கடலை) விற்றவர் பாலத்தடியில் போய் நிற்கிறார். பாதைக்குச் சனம் காத்து நின்றது. காத்து நின்ற சனம் கச்சான் வாங்கியது. பாலத்தில் யாரும் நிற்பதில்லை. பஸ்கள் அவரைத் தாண்டிப் போகின்றன. மடித்த கடதாசிச் சுருள்கள் அத்தனையும் பின்னேரம் வீட்டுக்குத் திரும்புகின்றன. வாப்பாவின் கச்சானைப் பிள்ளைகள் அதுவரை தின்றதில்லை, ஒருநாளும் மிஞ்சியதில்லை. அன்றைக்கு வயிறாரத் தின்கிறார்கள். சின்ன மகள் கேட்கிறாள்: “நாளைக்கும் கொண்டு வருவீங்களா வாப்பா?”

அவ்வளவுதான் கதை.

இது முதலில் நான்கு தாளில் இருந்தது. திறப்பு விழா மேளம் இருந்தது. பாதை பழுதாகி நின்ற நாட்கள் இருந்தன. கரையில் தவித்த ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தாள். எதுவும் பொய்யில்லை. ஆனால் கச்சான்காரரின் கதைக்கு அவை தேவைப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசிவரை போக மறுத்தது ஒரு வாக்கியம்: “மனைவி கண்கலங்கினாள்.” அதை வெட்ட எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அவள் அழுதுவிட்டால் வாசகருக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது. அப்புறம், பிள்ளைகள் “ஆசையாகத் தின்கிறார்கள்” என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். ஆசையாகத் தின்ன ஒரு சுருள் போதும். வயிறாரத் தின்ன வேண்டுமென்றால் கூடையே திரும்பி வந்திருக்க வேண்டும். அன்றைய வியாபாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிட்டது.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். குறுங்கதை என்பது நீளக் கதையைக் கத்தரித்தது இல்லை. அந்தக் கூடையில் எத்தனை சுருள், ஒரு சுருள் என்ன விலை, அவர் மனைவி இரவு என்ன சமைத்தாள், எல்லாம் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததை விடலாம். தெரியாததை விட்டால் கதையில் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும், வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

சுருக்கம் நமக்குப் புதிதில்லை. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் அகப்பாட்டுகளை அடிக்கணக்கு வைத்துத்தான் பிரித்தார்கள். நான்கு முதல் எட்டு அடி வரை உள்ளவை குறுந்தொகை ஆயின. அதில் செம்மண்ணில் விழுந்த மழைநீரைப் பாடியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டிலுள்ள உவமையை எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று அவரை அழைக்கிறோம். அந்தப் பாட்டு ஐந்தே அடி. ஈழத்திலும் உருவகக் கதை எழுதிய சு.வே. (சு. வேலுப்பிள்ளை), குறுங்கதைகளுக்கென்றே தனித்தொகுதி தந்த செம்பியன் செல்வன் என்று முன்னோடிகள் இருக்கிறார்கள். மூதூரின் கரையையும் மனிதரையும் சிறுகதைக்குள் கொண்டுவந்த வ. அ. இராசரத்தினம் நம் மாவட்டத்துக்காரர், என்னைப் போல ஆசிரியராக இருந்தவர். அவர்களை வாசிக்காமல் எழுதத் தொடங்காதீர்கள்.

இன்னொன்று. நம் பேச்சில் கதை என்றால் பேச்சும்தான். “என்ன கதைக்கிறாய்?” என்று கேட்கிற சனம் நாம். அதனால் எழுதியதைக் கதைத்துப் பாருங்கள். நான் பின்னேரங்களில் பக்கத்து வீட்டு அக்காவிடம் படலையில் நின்று சொல்வேன். தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். சொல்லும்போது எந்த இடத்தைத் தாண்டிப் போனேனோ அது தேவையில்லாத இடம். “பிறகு?” என்று அவர் கேட்காவிட்டால் நான் வீட்டுக்குப் போய்த் திரும்ப எழுதுவேன். எழுதுகிற நேரம் எனக்குப் பெரும்பாலும் பஸ்ஸில்தான். பாடசாலைக்குப் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். யன்னல் ஆசனம் கிடைத்தால் ஒரு பந்தி, நின்றுகொண்டு போனால் மனதுக்குள் ஒரு வரி.

சரி, பிரசுரத்துக்கு வருவோம்.

கச்சான்காரர் கதையை ஒரு பத்திரிகையின் ஞாயிறு இதழுக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து வெளிவந்தது. பத்திரிகையை மேசையில் விரித்தபோது கை நடுங்கியது. “அன்றைக்கு வயிறாரத் தின்கிறார்கள்” என்பதோடு கதை முடிந்திருந்தது. கீழே ஒரு நகைக்கடை விளம்பரம். இடம் போதவில்லை, ஒரு வரியைத் தூக்கிவிட்டார்கள். அன்று மத்தியானம் ஒரு நண்பர் தொலைபேசி எடுத்தார். “பாலம் வந்ததால் பிள்ளைகளுக்கும் சந்தோஷம் என்று நன்றாக எழுதியிருக்கிறீர்கள்” என்றார். மனமார வாழ்த்தினார். எனக்குப் பேச்சு வரவில்லை. நாவலில் ஒரு வரி போனால் நாவல் தாங்கும். எண்பது சொல் கதையில் ஒரு வரி போனால் கதை எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது.

அன்றிலிருந்து எந்தக் கதையை அனுப்பினாலும் மேலே சொற்களின் எண்ணிக்கையை எழுதுகிறேன். “இடம் போதாவிட்டால் கதையைத் திருப்பி அனுப்புங்கள், வெட்ட வேண்டாம்” என்று பணிவாக ஒரு குறிப்பும் வைக்கிறேன். அப்படி இரண்டு கதைகள் திரும்பி வந்தன. வரட்டும். நீங்களும் தயங்காமல் எழுதுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்து, பீடீஎப் பிரதியும் சேர்த்து அனுப்புங்கள். பாமினி என்கிற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது எழுத்துகள் உடைவதுண்டு. குறுங்கதையில் ஓர் எழுத்து உடைந்தாலும் சேதம்தான்.

பத்திரிகையை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். 2022இல் கடதாசித் தட்டுப்பாடு வந்தபோது பத்திரிகைகளின் பக்கங்கள் எப்படிச் சுருங்கின என்று பார்த்தோம். சிற்றிதழ்களுக்கு அனுப்புங்கள். மல்லிகை 1966இல் தொடங்கி நாற்பது வருடங்களுக்கு மேல் வந்து நின்றுவிட்டது. ஆனால் அது வந்துகொண்டிருந்த காலத்திலேயே 2000இல் ஞானம் வந்தது, 2007இல் அல்வாயிலிருந்து ஜீவநதி வந்தது. சிற்றிதழ் ஆசிரியர் பணம் தரமாட்டார். ஆனால் உங்கள் கதையை இரண்டு தரம் வாசிப்பார்.

புத்தகம் போடும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் நாட்டில் எழுதியவரே அச்சுக்கூலி கொடுக்கிறார். நான் சீட்டுக்காசை எடுத்து முந்நூறு பிரதி அடித்தேன். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் ஐஎஸ்பிஎன் எடுத்தேன். வெளியீட்டு விழாவில் சிறப்புப் பிரதி வாங்கியவர்கள் தந்த கடித உறைகளால் பாதிச் செலவு மீண்டது. நூற்று இருபது பிரதிகள் இன்னும் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. ஆனால் அந்தப் புத்தகத்தில் என் கடைசி வரி அதன் இடத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே அரைப்பக்கம் வெறுமையாக விடச் சொல்லி அச்சகத் தம்பியோடு வாதாடினேன். கடதாசி வீண் என்றார். அந்த வெறுமைக்கும் சேர்த்துத்தான் காசு தருகிறேன் என்றேன்.

விழா முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தார். யாரோ புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

“டீச்சர், ஒன்று பிழையா எழுதிட்டீங்க. எங்கட வாப்பா வித்தது கச்சான் இல்ல, சோளம்.”

நான் உங்கள் வாப்பாவை எழுதவில்லையம்மா, அது கற்பனை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

“பாலம் திறந்த பிறகு நாங்க ரெண்டு மாசம் அவிச்ச சோளம்தான் திண்டம் டீச்சர். காலையும் பின்னேரமும்.”

அந்த வசனத்தைக் கொப்பியில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் ஒரு சொல் சேர்க்க இன்னும் மனம் வரவில்லை.